நாலு விரல் கனம்

மல்லசந்திரம் போகலாம், கல்திட்டை பார்க்கலாம் என்றதும் பெரியப்பா சிரித்தார். "கல்லைப் பாக்கறதுக்கா லீவு போட்டுட்டு வந்த?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாலக்கோடு பக்கம் முப்பது வருஷம் பலகைக்கல் பிளந்தவர், வேலிக்கால், வாசப்படி, மாட்டுக்குத் தண்ணித்தொட்டி என்று அவர் உடைத்துக் கொடுக்காத கல் இல்லை. ஆனாலும் வண்டியில் ஏறிவிட்டார்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற சாலையில் சாமல்பள்ளத்தில் டீ குடித்துவிட்டு உள்ளே திரும்பினோம். ஏறினால் வெறும் மொட்டைப் பாறை, அதன் மேல் அங்கங்கே கல்லால் செய்த பெட்டிகள். பக்கத்துக்கு ஒரு பலகை, மேலே மூடுபலகை, முன்பலகையில் உருண்டையாக ஒரு துளை. தொல்லியல்காரர்கள் இடுதுளை என்பார்கள். என் தலை நுழைகிறது, தோள் நுழையவில்லை. இப்படி நூற்றுக்கணக்கில் இங்கே இருந்திருக்கின்றன, பாதிக்கு மேல் சரிந்து கிடக்கின்றன. புதையல் இருக்கும் என்று யாரோ கடப்பாரையால் நெம்பியது சிலதில் பார்த்தாலே தெரிகிறது, வயிறு எரிகிறது. இறந்தவர்களுக்காகக் கட்டியவை இவை. ஊர்க்காரர்களுக்குப் பாண்டவர் வீடு.

நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஒரு மூலையில் குந்திவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் கூப்பிட்டார். "இங்க வா. இந்தக் கல்லு எதுல முட்டி நிக்குதுன்னு பாரு."

அதுவரை நான் கவனிக்காத விஷயம் அது. நாலு பக்கப் பலகைகளும் மூலைக்கு மூலை சரியாக முடியவில்லை, ஒவ்வொன்றும் பக்கத்துப் பலகையைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டு நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகம் மாதிரி வரும், ஆய்வாளர்களும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். சுற்றிலும் கல்லும் மண்ணும் கொட்டி அணைக்கும்போது அந்தப் பாரம் பலகையை உள்ளே தள்ளும், ஆனால் தள்ளப்படுகிற பலகை அடுத்ததன் விளிம்பில் முட்டிக்கொள்ளும், அது அதற்கடுத்ததில் முட்டும். இப்படி நாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் தள்ளத் தள்ளத்தான் இறுகும். சுண்ணாம்பு கிடையாது, ஆணி கிடையாது. "இது விவரம் தெரிஞ்சவன் வேலப்பா" என்றார் பெரியப்பா. அவர் வாயிலிருந்து அவ்வளவு சுலபத்தில் வராத வார்த்தை.

அன்றிலிருந்து எந்த ஊர்ப் பழங்கல்லைப் பார்த்தாலும் எனக்கு மூட்டுதான் கண்ணில் படுகிறது. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கிறதே, 25 டன், 30 டன் கல்லை எப்படித் தூக்கினார்கள் என்றுதான் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதைவிட ஆச்சரியம், நிற்கிற கல்லின் தலையில் ஒரு குமிழ் விட்டுச் செதுக்கி, மேலே கிடக்கிற கல்லில் அதற்கு ஒரு குழி தோண்டி உட்கார வைத்திருப்பது. நம் ஆசாரி கதவு நிலைக்குச் செய்கிற வேலை அது! மரத்தில் பழகிய கை, கி.மு. 2500 வாக்கில் கல்லுக்கு வந்தபோதும் பழைய பழக்கத்தை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மல்லசந்திரத்துக் கை மரத்தை நினைத்த மாதிரியே தெரியவில்லை, பாறை எப்படிப் பிளக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை.

கல்திட்டை என்றால் கொரியாவை விட முடியாது. உலகத்திலேயே அதிகம் அங்கேதான், கோச்சாங், ஹ்வாசுன், கங்வா மூன்று இடங்களையும் சேர்த்து 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் போட்டார்கள். மேற்குக் காகசஸ் மலையில் இருப்பவற்றின் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன், அதே பலகை, அதே உருண்டைத் துளை, துளையை அடைக்க ஒரு கல் மூடி வேறு. "நம்மாளு அங்க போனானா?" என்றார். அப்படி யாரும் போயிருக்க வேண்டியதில்லை. பலகையாகப் பிளக்கிற கல் கையில் இருந்தால், செத்தவருக்கு ஒரு வீடு கட்டணும் என்று தோன்றினால், பெட்டியைத் தவிர வேறு என்ன வடிவம் வரும்?

உடனே 'உலகத்துக்கே நாம்தான் முன்னோடி' என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். தென்னிந்தியக் கல்திட்டைகளைப் பொதுவாக மூவாயிரம் வருஷத்துக்கு உட்பட்டவை என்கிறார்கள். துருக்கியில் கோபெக்லி தெபேயில் கி.மு. 9500 வாக்கிலேயே, அதாவது விவசாயம் ஊன்றுவதற்கு முன்னாலேயே, ஐந்தரை மீட்டர் தூண் நிறுத்தி அதில் நரியும் தேளும் செதுக்கியிருக்கிறார்கள். முந்தி, பிந்தி என்பதில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தபோது நானும் ஸ்டேட்டஸ் வைத்தவன்தான். 2025இல் சிவகளை கி.மு. 3345 என்று வந்ததும் எங்கள் மாவட்டத்துப் பெருமை தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டது.

ஓவியம் பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்ஸின் லாஸ்கோ குகையில் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் காளையும் குதிரையும் ஓடும். இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு பன்றி, குறைந்தது 51,200 வருஷம் பழசு என்று 2024இல் கணக்கிட்டார்கள். எங்கள் பக்கம் வெள்ளை. மல்லப்பாடிப் பாறையில் குதிரை மேல் இருந்து ஆயுதத்தோடு மோதிக்கொள்கிற இரண்டு பேர், கோலமாவில் இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு. குதிரைச் சவாரி வந்துவிட்டதால் சுலவேசிப் பன்றியோடு வயசில் போட்டி போட முடியாது. மல்லசந்திரத்திலும் சில திட்டைகளின் உட்பக்கம் வெள்ளை ஓவியம் உண்டு.

இறங்கும்போது பெரியப்பா பாறையைச் செருப்புக் காலால் தட்டிக்கொண்டே வந்தார். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் கல் பாளமாக உரியும், மேலே விறகை அடுக்கி நெருப்பு வைத்தால் அதுவே கிளம்பும், அப்புறம் ஆப்பு வைத்து வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், அவர் சின்ன வயசில் அப்படித்தான் எடுத்தார்களாம். ஓரிடத்தில் பாறை படி மாதிரி சட்டென்று இறங்கியிருந்தது. குனிந்து அதன் விளிம்பில் விரலை வைத்து அளந்தார், நாலு விரல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மறுபடி மேலே ஏறி, முதலில் குந்தியிருந்த திட்டையின் பலகை விளிம்பில் கையை வைத்தார்.

"நாலு வெரல்தான். இங்க எடுத்ததுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் மூன்று திட்டைகளுக்கு விரல் வைத்துப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது. சாப்பிடப் போகலாம் என்றால் வர மாட்டேன் என்கிறார்.