காற்று திரும்பிய காலை

அமெரிக்காவின் கொலராடோவில் செப்டம்பர் கடைசி வாரம், எல்க் மான்கள் இணைசேரும் பருவம். வில்வேட்டைக்காக நானும் நண்பரும் விடியுமுன்பே ஆஸ்பென் மரங்களுக்கிடையே ஏறினோம். மேலே ஆண் எல்க் ஒன்று கத்தியது. அடித்தொண்டையில் தொடங்கி விசிலாக உயரும் குரல். உடல் சிலிர்த்துவிட்டது.

வில்லோடு என்னை முன்னே உட்காரவைத்துவிட்டு, நண்பர் 50 கெஜம் பின்னால் போய், வாய்க்குள் அடக்கிய ரப்பர் சவ்வில் பெட்டைக் குரலை மெல்ல எழுப்பினார். குரலைத் தேடி வருவது என்னைக் கடந்துதான் போக வேண்டும்.

சுள்ளி முறிந்தால்கூட எல்க் பொறுத்துக்கொள்ளும். அவையும் மிதித்து நடப்பவைதானே. மனித வாடையைப் பொறுக்கவே பொறுக்காது. சரிவில் வெயில் பட்டதும், அதுவரை கீழிறங்கிய குளிர்காற்று மேலேறத் தொடங்கியது. பிடரியில் உணர்ந்தேன். கொம்புகள் ஒரு நொடி தெரிந்தன. பிறகு கிளைகள் முறியும் ஓசை மட்டும். மறுநாள் பக்கவாட்டிலிருந்து ஏறினோம்.