நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள்

இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லை உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல், நான்கைந்து சொல் தள்ளி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடிகிறதா? முடியாது. விழித்திரை முழுவதும் வெளிச்சத்தை உணரும். ஆனால் எழுத்தைப் பிரித்தறியும் கூர்மை அதன் நடுவிலுள்ள மாக்குலாவுக்குத்தான் உண்டு. மாக்குலாவின் குறுக்களவு சுமார் 5.5 மில்லிமீட்டர். அதற்குள் 1.5 மில்லிமீட்டர் அளவில் குழிந்திருக்கும் இடம் ஃபோவியா. உச்சக் கூர்மை ஃபோவியாவின் மையத்தில், பார்வைப் பரப்பில் ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. வாசிக்கும்போது கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வெளிச்சத்தை உணரும் செல்கள் இரண்டு வகை: பகலில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள், மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை குச்சி செல்கள். ஒரு கண்ணில் ஏறக்குறைய 60 லட்சம் கூம்பு செல்களும் 12 கோடி குச்சி செல்களும் இருக்கின்றன. ஃபோவியாவின் நட்ட நடுவில் குச்சி செல் ஒன்றுகூட இல்லை. கூம்பு செல்கள் மட்டும் சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 2 லட்சம் என்ற அளவில் நெருங்கி நிற்கின்றன. விழித்திரையின் ஓரங்களில் பல செல்கள் ஒரே நரம்பு செல்லைப் பங்கிட்டுக்கொள்ளும். இங்கே கூம்பு ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு. (மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்து, சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரிவதற்கும் காரணம் இதுதான்: இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் நடுவில் இல்லை.)

வெளிச்சத்துக்குக் குறுக்கே நிற்காதபடி இந்த மையத்தில் ரத்தக் குழாய்களும் கிடையாது. தேவையான ஆக்சிஜன் விழித்திரைக்கு அடியிலுள்ள, ரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு அடுக்கிலிருந்து வர வேண்டும். மாக்குலாவின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கழிவு படிந்தாலோ நீர் கோத்தாலோ முதலில் அடிபடுவது நாம் வாசிக்கப் பயன்படுத்தும் இடம்.

இதில் வலி இருக்காது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். மாதக்கணக்கில் தெரியாமலே போவது இப்படித்தான். தெரிந்த பிறகும் பலர் ‘பவர் ஏறியிருக்கும்’, ‘புரை வந்திருக்கும்’ என்று நாளைக் கடத்துகிறார்கள். வித்தியாசம் எளிது. புரையில் எல்லாமே புகைமூட்டமாகத் தெரியும். பவர் குறையில், அட்டையில் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு அதன் வழியே பார்த்தால் எழுத்து தெளியும். மாக்குலாவில் கோளாறு என்றால் துளை பெரும்பாலும் உதவாது. நேர்க்கோடு நெளியும், சொல்லின் நடு எழுத்து காணாமல் போகும், எதிரே நிற்பவரின் முகம் மட்டும் கலங்கியிருக்கும்.

வீட்டிலேயே சோதிக்க ஆம்ஸ்லர் கட்டம் போதும். 10 சென்டிமீட்டர் சதுரம், உள்ளே 5 மில்லிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், தாளை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். விரலால் அழுத்த வேண்டாம், அழுத்திய கண் திறந்ததும் சிறிது நேரம் மங்கலாகவே தெரியும். மற்ற கண்ணால் புள்ளியை மட்டும் பாருங்கள். புள்ளியைப் பார்த்தபடியே கோடுகள் நேராக இருக்கின்றனவா, எங்காவது கட்டம் அழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அடுத்த கண். பலரும் தவறுவது, கோடுகளைத் தொடர்ந்து கண்ணை ஓட்டிவிடுவதில். அப்படிச் செய்தால் ஃபோவியா நகர்ந்துகொண்டே இருக்கும், குறை பிடிபடாது. பைஃபோக்கல் போடுபவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். தாள் இல்லையா, மாத காலண்டரின் கட்டங்களும் ஜன்னல் கம்பியும் ஆகும். ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதுதான் முக்கியம். ஆனால் கட்டம் சரியாகத் தெரிவதால் மட்டும் கண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் கோடு நேராக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

கோடு புதிதாக வளைந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். முதுமையில் வரும் மாக்குலா சிதைவில் ‘உலர்’ வகை மெல்ல நகரும். ‘ஈர’ வகையில் அடியிலிருந்து புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். தாமதித்தால் தழும்பாகிவிடும், தழும்பான இடம் திரும்பாது. கசிவைக் கட்டுப்படுத்த விஇஜிஎஃப் (புது ரத்தக் குழாய்களை முளைக்கத் தூண்டும் புரதம்) தடுப்பு மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். அளவு பொதுவாக 0.05 மில்லி, ஆரம்பத்தில் மாதம் ஒன்றாக மூன்று. பார்வை தேறியதும் ஊசியை நிறுத்திவிடுவதுதான் இந்தச் சிகிச்சையில் மிகப் பெரிய இழப்பு. கசிவு சத்தமில்லாமல் திரும்பும். ஊசிக்குப் பின் முதல் சில நாட்களில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம்.

நடுவயதில் திடீரென நடுப்பகுதி மங்கி, பொருட்கள் சிறிதாகத் தெரிந்தால், மாக்குலாவின் அடியில் நீர் கோத்திருக்க வாய்ப்புண்டு. இது ஸ்டீராய்டோடு தொடர்புடையது. மாத்திரை மட்டுமல்ல, தோல் களிம்பு, இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே என எதைப் பயன்படுத்தினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

கண்ணுக்கான சத்து மாத்திரைகளை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏரெட்ஸ் 2 என்ற மருத்துவ ஆய்வில் சோதிக்கப்பட்ட கலவை (வைட்டமின் சி 500 மி.கி., இ 400 யூனிட், லூட்டின் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி., துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி.) இடைநிலை மாக்குலா சிதைவு உள்ளவர்களுக்கு அது முற்றுவதைத் தள்ளிப்போட உதவும். நோயே இல்லாதவருக்கு அது வராமல் தடுக்கும் என்று காட்டப்படவில்லை. புகைப்பழக்கத்தை விடுவது அதைவிடப் பலன் தரும்.

மருத்துவமனைக்குப் போகும்போது, கோடு வளைந்த இடத்தைப் பேனாவால் குறித்த தாளைக் கொண்டுபோங்கள். எந்தக் கண், என்று முதல் என்றும் எழுதிவையுங்கள். ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுப்பது) வலியில்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கருந்துளையை) விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிச் செல்லாமல் கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.