காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் கார்

ஜூன் 3

இன்றும் அதே கதைதான். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. ஐந்து நொடி பார்த்துவிட்டு நிறுத்தினேன். அரை நிமிடம் விட்டு மறுபடி அடித்தபோது ஒருவழியாகப் பிடித்தது. பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தாலும் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஒருநாள் வண்டி கிளம்பாமலே போய்விட்டால்? நேற்று இரவு அந்த நினைப்பிலேயே தூக்கம் வரவில்லை.

அப்பா "பேட்டரியை மாத்திடுப்பா" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், இல்லை ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் போடும். இங்கே செல்ஃப் விறுவிறுப்பாகத்தான் சுற்றுகிறது.

ஜூன் 4

ஆனாலும் சந்தேகம் இருக்கக் கூடாது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.5 வோல்ட். அப்பா சாவியைத் திருப்ப, செல்ஃப் சுற்றும்போது 10.4. ஒன்பதரைக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியைச் சந்தேகித்திருப்பேன். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் 14.1, ஆக இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் சரியாக இருக்கிறது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டித் துடைத்து இறுக்கினேன். அப்பாவுக்கு இப்போது சமாதானம்.

ஜூன் 5

மாற்றமில்லை. செல்ஃப் ஆறு நொடி சுற்றிய பிறகுதான் பிடித்தது.

இந்தக் கோளாறில் பெரிய கஷ்டமே, சோதித்துப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கிறது. ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் அடுத்த வாய்ப்பு மறுநாள் காலையில்தான். அதனால் நாளை எதைப் பார்ப்பது என்று இன்று இரவே முடிவு செய்துகொள்கிறேன்.

ஜூன் 6

இன்று டெம்பரேச்சர் சென்சாரின் முறை. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சார்தான். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். சூடாக இருக்கிறது என்று சென்சார் தப்பாகச் சொன்னால் பெட்ரோல் குறையும், இன்ஜின் பிடிக்காது.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் வைத்து, அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள விவரங்களைப் படிக்கும் ஓபிடி கருவியை மொபைலோடு இணைத்துப் பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 24 டிகிரி, உள்ளே வரும் காற்று 23 டிகிரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எரர் கோடும் இல்லை. சென்சாரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜூன் 7

பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்!

சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் இரண்டு நொடி வருமே, அது டேங்கிற்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப், இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில், அதாவது லைனில், அழுத்தம் ஏற்றும் சத்தம். இன்று செல்ஃப் அடிக்காமல் அதை மட்டும் மூன்று தடவை செய்தேன். ஆன், சத்தம் நின்றதும் ஆஃப், மறுபடி ஆன். நான்காவது தடவை செல்ஃப் அடித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, இன்ஜின் பிடித்துக்கொண்டது. அம்மா பக்கத்து சீட்டில் இருந்தார். "சரியாயிடுச்சா?" என்றார். சரியாகவில்லை, ஆனால் எங்கே கோளாறு என்று தெரிந்துவிட்டது.

ராத்திரியில் லைனில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. காலையில் செல்ஃப் சுற்றச் சுற்றத்தான் அது மெல்ல ஏறுகிறது. அதுவரை இன்ஜினுக்குப் போதிய பெட்ரோல் போவதில்லை.

ஜூன் 8

ஒருநாள் சரியாக வந்ததை நம்பக் கூடாது என்று இன்று வேண்டுமென்றே பழையபடி நேராக செல்ஃப் அடித்தேன். ஏழு நொடி. சந்தேகம் தீர்ந்தது.

ஜூன் 9

அழுத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பம்போடு சேர்ந்த ஒருவழி வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் டேங்கிற்கே திரும்பலாம். லைனில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கசியலாம். இல்லை, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஒன்று சொட்டலாம். இன்ஜெக்டராக இருந்தால் ஸ்டார்ட் ஆனதும் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் பெரும்பாலும் இருக்கும், எனக்கு இரண்டும் இல்லை. இதற்கு மேல் பெட்ரோல் லைனை நானே கழற்றத் துணியவில்லை. அழுத்தத்தோடு இருக்கும் பெட்ரோல் ஆபத்தானது.

மெக்கானிக் அண்ணனிடம் குறித்து வைத்ததையெல்லாம் காட்டினேன். போன மாதம் இதே வண்டியைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்றவர் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது, அப்போது சூடான வண்டியைத்தானே கொண்டுபோனேன். இந்தமுறை "ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க தம்பி, காலையில நானே எடுத்துப் பார்க்கிறேன்" என்றார். கேட்டதும் மனசு லேசானது. நாளைக்கு டயாலிசிஸும் இல்லை.

ஜூன் 10

அண்ணன் அழுத்தமானியை லைனில் மாட்டி வைத்திருந்தார். பம்ப் ஓடும்போது அழுத்தம் 3 பார் (அழுத்தத்தின் அலகு), அது சரியான அளவு. பம்ப் நின்றதும் முள் கண்ணெதிரே இறங்கியது. பத்து நிமிடத்தில் 1 பாருக்கும் கீழே. அப்புறம் அழுத்தத்தை மறுபடி ஏற்றி, லைனிலிருந்து டேங்க் பக்கம் போகும் வழியை அடைத்தார். முள் அசையவே இல்லை. அப்படியென்றால் இன்ஜெக்டர்களில் கசிவு இல்லை, பெட்ரோல் டேங்கிற்குத்தான் திரும்புகிறது. இந்த வண்டியில் ஒருவழி வால்வும் ரெகுலேட்டரும் பம்ப் அசெம்பிளியோடு சேர்ந்தே இருக்கின்றன. அதை மாற்றினால் போதும்.

ஜூன் 12

பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பழைய பம்பை எடுத்துப் புதியதைப் போட்டார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தார். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொன்னேன். அது விட்டால் பெட்ரோல் வாடை வண்டிக்குள் வரும்.

ஜூன் 14

நேற்றும் இன்றும் முதல் தொடுகையிலேயே ஸ்டார்ட். இன்று அதிகாலை அம்மா சீட் பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது.