குணுக்கும் ஹெட்கியரும்

அண்ணன் மகளுக்குப் பல்லில் கிளிப்போடு ஹெட்கியரும் மாட்டியிருக்கிறார்கள். 'அத்தை, நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்' என்று நேற்று போனில் ஒரே அழுகை. அவளிடம் பேசப் பேச எனக்குப் பழசெல்லாம் வந்துவிட்டது.

2003, திருமங்கலம், ஏழாம் வகுப்பு. எனக்கு எத்துப்பல். மதுரையில் பார்த்த பல் டாக்டர் வெறும் கிளிப் போதாது, ஹெட்கியரும் வேண்டும் என்றார். மேல் கடைவாய்ப்பல் இரண்டிலும் வளையம் ஒட்டி, அதிலிருக்கும் சின்னக் குழாயில் கம்பியைச் செருகுவார்கள். அந்தக் கம்பி உதட்டுக்கு வெளியே வந்து இரண்டு கன்னத்தையும் ஒட்டி வளைந்து போகும், பிடரியைச் சுற்றிய பட்டை அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். மேல்தாடை முன்னால் வளராமல் பிடித்து வைத்தால் கீழ்த்தாடை வளர்ந்து வந்து சேர்ந்துகொள்ளும், அதனால்தான் வளரும் வயதிலேயே போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் போடச் சொன்னார்.

சாயங்காலம் மாட்டிக் காலையில் கழற்றினாலே 14 மணி நேரம் ஆகிவிடும். பள்ளிக்குப் போட்டுப் போகவே தேவையில்லை. நான் டியூஷனுக்குக் கழற்றினேன், பக்கத்து வீட்டு அக்கா வந்தால் கழற்றினேன், படுத்தால் கன்னத்தில் அழுத்துகிறது என்று ராத்திரியும் கழற்றினேன். கணக்கு எழுதும் நோட்டில் மட்டும் தினமும் 14. நாலாவது மாதம் டாக்டர் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார், கடைக்குப் புதுசாக வந்தது மாதிரி இருந்தது. பல்லும் நகரவில்லை. அப்பா தவணை கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. போன மாதங்களை ஈடுகட்டப் பள்ளியிலும் போட வேண்டும் என்றாகிவிட்டது.

முதல் நாளே 'கடிவாளம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் கழற்றுவேன். ஒருநாள் ஒரு பையன் பின்னாலிருந்து பட்டையைப் பிடித்து இழுத்தான். அதிகமாக இழுத்தால் தானாக விடுபடும் கொக்கி இருந்ததால் தப்பித்தேன், இல்லையென்றால் கம்பி கழன்று திரும்பிவந்து கண்ணையே குத்தியிருக்கலாம். வெட்கத்தில் இதை டீச்சரிடம் சொல்லாமல் விட்டேன், அது பெரிய தப்பு. மருமகளிடம் முதலில் சொன்னதே இதுதான்: யாராவது தொட்டால் அந்த நிமிஷமே டீச்சரிடம் போ, ஓடி விளையாடும்போது கழற்றி டப்பாவில் வை.

அன்று ராத்திரி அப்பத்தா என்னை விளக்கடியில் உட்காரவைத்து, கம்பி எங்கே போகிறது, எது இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்புறம் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். தண்டட்டி என்ற கனமான காதணி போடுவதற்காகச் சின்ன வயதில் காதில் ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, கனத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காதை வளர்த்தார்களாம். 'எனக்கு வெக்கமில்லத்தா, ஊருல எல்லாப் பிள்ளையுந்தான் போட்டுச்சு. நீ ஒத்தையாப் போட்டுக்கிட்டு நிக்கிற, அதான் கஷ்டம்.'

அது கஷ்டம் என்று அதுவரை யாருமே சொல்லவில்லை. எல்லோரும் 'இதுக்குப் போய் அழுவியா' என்றுதான் கேட்டார்கள். மறுநாள் தொட்டிக்குப் பின்னால் போகவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்து கழற்றினேன். பக்கத்திலிருந்தவள் எப்படி மாட்டுவது என்று கேட்டாள், காட்டினேன், நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பட்டப்பெயர் போகவில்லை, அப்புறம் போட்டிருந்த பதினோரு மாதமும் கூடவே இருந்தது, ஆனால் நோட்டில் எழுதிய மணிக்கணக்கு நிஜமானது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகள், 'அந்தப் பாட்டி காது போட்டோ இருக்கா அத்தை?' என்றாள். இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குக் கிளம்பும்போது, தண்டட்டியோடு வாசலில் நின்று எடுத்தது. இன்று காலையில் அனுப்பிவைத்தேன்.