அம்மாவின் இடக்கை

பக்கவாதத்துக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற என் அம்மாவை உசிலம்பட்டிப் பக்கமுள்ள எங்கள் ஊருக்கு அழைத்து வந்தபோது, இடக்காலை ஓரளவு ஊன்ற முடிந்ததே தவிர, இடக்கை துவண்டுதான் கிடந்தது. மூளையின் வலப்புறம் பாதிக்கப்பட்டிருந்ததால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் படவில்லை. தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டு முடித்துவிட்டு, இடப்பாதி அப்படியே இருக்க, இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார். பார்வைக் கோளாறு என்றே உறவினர் பலரும் எண்ணினர்.

2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட், முதலில் கட்டிலைத்தான் திருப்பிப் போடச் சொன்னார். வாசலும் வருகிற ஆட்களும் அம்மாவின் இடப்புறம் இருந்தால், அவர் தலையைத் திருப்பியே ஆகவேண்டும். தட்டின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அது கண்ணில் படும்வரை திரும்பிப் பார்த்த பிறகே உண்ணப் பழக்கினோம்.

தோளைக் காப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும்போது அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினால், மூட்டு நழுவி நீண்டகால வலியாகிவிடக்கூடும். நலம் விசாரிக்க வந்தவர்களோ, “கையக் குடுங்க மதினி, எந்திரிங்க” என்று அன்போடு அந்தக் கையையே பற்றுவார்கள். ஒவ்வொருவரையும் தடுக்க வேண்டியிருந்தது, சிலருக்கு அது வருத்தம்கூட. பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்னே சாய்த்து அம்மா தானே எழ, நாங்கள் இடுப்பை மட்டும் தாங்கினோம். புறா இரத்தம் தடவச் சொன்னவர்களும் உண்டு. மீட்சி வேகமாக நடக்கும் முதல் மாதங்களை அதில் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் விரல்கள் இறுகி மடங்கத் தொடங்கின. தினமும் மெல்ல நீட்டிவிட்டோம். மார்கழியில் மொச்சைக்காய் வந்ததும், காயை இடக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு வலக்கையால் உரிக்கும்படி பிசியோதெரபிஸ்ட் சொன்னார். காய் நழுவி மடியில் விழும், அம்மா விடமாட்டார். திரும்பத் திரும்பச் செய்வதால்தான் மூளை புதிய வழிகளைப் பழகுகிறது என்பதால், எண்ணிச் செய்த பயிற்சிகளைவிட அவருக்குக் கைவந்த இந்த வேலையே அதிகம் பயன்பட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது கோல் ஊன்றித் தெருமுனை வரை நடக்கிறார். இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை. இரவிக்கைக் கொக்கி மாட்டுவது மட்டும் இடக்கைக்கு இன்னும் வசப்படவில்லை; தற்போது அதற்கான பயிற்சிதான் நடந்துகொண்டிருக்கிறது.