மான் புழுக்கை தேடி ஜவ்வாது மலையில் மூன்று நாள்

பொங்கல் முடிந்த மறுவாரம், விடிகாலை ஐந்தரை மணிக்குக் கணியம்பாடியைத் தாண்டும்போது வயல் முழுக்கப் பனி இறங்கிக் கிடந்தது. பின் சீட்டில் பிளாஸ்டிக் டப்பாக்கள், ஃபார்மலின் பாட்டில், ஒரு கிலோ கல்லுப்பு, டீ வடிகட்டி, துணியில் சுற்றிய ஒரு சின்ன மைக்ரோஸ்கோப். அக்கா மகன் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு ஒட்டுண்ணியியலில் மேற்படிப்பு படிக்கிறான். காட்டு விலங்குகளின் குடலில் என்னென்ன புழு இருக்கிறது என்பதுதான் அவன் ஆய்வு. “வனத்துறை பர்மிஷன் வாங்கியாச்சு, வண்டி ஓட்டத்தான் ஆள் இல்ல, வர்றீங்களா மாமா?” என்று கேட்டான். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எனக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சின்ன வயதில் ஒடுகத்தூர் பக்கம் எங்கள் வீட்டில் பதினோரு ஆடுகள் இருந்தன. ஒரு ஐப்பசி அடைமழைக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தாடைக்குக் கீழே பை கட்டினாற்போல வீங்கி, கண் உள்சதை காகிதம் மாதிரி வெளுத்து, நின்ற இடத்திலேயே படுத்துச் செத்தன. நான்குதான் மிஞ்சின. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுதான் அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது ஹீமோங்கஸ் என்கிற ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு என்று இவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆட்டு வயிற்றின் நான்காம் அறையில் ஒட்டிக்கொள்ளும், ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் போக்கும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ஐயாயிரம் புழு இருந்தால் தினம் கால் லிட்டர். ரத்தத்தில் புரதம் குறைந்து தாடையில் நீர் கோத்துக்கொள்வதுதான் அந்த வீக்கம். இதே புழு மானுக்கும் வரும்.

மலையடிவாரத்து அமிர்தியில் எங்களுக்காக ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் காத்திருந்தார், மலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். உயிரியல் பூங்காவுக்குள் போகாமல் ஆற்றை ஒட்டிய காட்டுக்குள் அழைத்துப் போனார். புள்ளிமான் புழுக்கையை அவர்தான் காட்டினார், ஒரு முனை கூராக, மறுமுனையில் லேசாகக் குழி விழுந்து, அப்போதுதான் எண்ணெய் தடவியதுபோலப் பளபளவென்று. கையை நீட்டினேன், அக்கா மகன் தடுத்தான். தரையைத் தொட்ட புழுக்கையை எடுக்கக் கூடாதாம், மண்ணில் சும்மா வாழ்கிற புழுக்கள் ஏறியிருக்கும், பிறகு மானிடம் இல்லாத புழுவை இருப்பதாக எழுதிவிடுவோம். குவியலின் மேலே இருப்பதை மட்டும் எடுத்து டப்பாவில் போட்டு, இடம், நேரம், பக்கத்தில் தண்ணீர் உண்டா என்பதையெல்லாம் எழுதினான். ஒரு டப்பாவுக்கு இவ்வளவு பொறுமையா என்று முதலில் தோன்றியது. மத்தியானத்துக்குள் நானே புல் விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டேன்.

காவலர் சொன்ன ஒன்றை அப்படியே தருகிறேன். “பனி எறங்கி காயற வரைக்கும் நாங்க பட்டியத் தொறக்க மாட்டோம் சார். பனிப்புல்லு மேஞ்சா ஆட்டுக்குப் பூச்சி விழும்.” அக்கா மகன் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தான். சாணியில் பொரிந்த புழுக்குஞ்சு, மூன்றாம் பருவத்துக்கு வந்ததும், ஈரம் இருந்தால்தான் புல்லில் ஏற முடியும். விடியற்காலைப் பனித்துளிப் படலத்தில் நீந்தி நுனிக்குப் போகும், வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் கீழே இறங்கிவிடும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பதை இவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்றான். ஆனால் மானைப் பட்டியில் அடைக்க யார் இருக்கிறார்கள்? அது மேய்வதே விடியலிலும் அந்தியிலும்தான்.

அன்று மாலை ஜமுனாமரத்தூரில் தங்கிய வீட்டுத் திண்ணையிலேயே முதல் சோதனை. வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே இருந்தான், இனி கரையாது என்று அடியில் தங்கும் வரை. புழுக்கையை அதில் மசித்து, டீ வடிகட்டியில் வடித்து, சின்னக் குப்பியில் விளிம்பு தாண்டித் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஊற்றி, அதன் மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்தான். உப்புத் தண்ணீர் கனமானது, முட்டை லேசானது, அதனால் மேலே மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் கழித்துச் சில்லை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, “பாருங்க மாமா” என்றான். முதலில் வெறும் புல் நாரும் காற்றுக் குமிழியும்தான் தெரிந்தன. அப்புறம் ஓரத்தில் ஒரு நீள்வட்டம், கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் குலை மாதிரி உருண்டை உருண்டையாகச் செல்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த முட்டையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஆடுகளின் முகம்தான் வந்தது. இது ஹீமோங்கஸ்தானா என்றேன். சொல்ல முடியாது, இந்த வகைப் புழுக்கள் பலவற்றின் முட்டை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குஞ்சாக வளர்த்துப் பார்த்தால்தான் இனம் தெரியும் என்றான்.

போன மே மாதம், கத்திரி வெயிலில், வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகளிலும் பாலாற்று மணலிலும் இவன் இதே வேலை செய்திருக்கிறான். முயல் புழுக்கையும் நரி எச்சமும் எடுத்திருக்கிறான். அந்தச் சூட்டில் தரையில் விழும் சாணி சீக்கிரம் வறண்டு, முட்டையும் குஞ்சும் காய்ந்து போகின்றன. அதனால் வறண்ட காட்டில் ஈரத்தை நம்பும் புழுவுக்கு வாழ்வு குறைவு, இன்னோர் உயிருக்குள் ஒளிந்து காலம் தள்ளுகிற புழுவுக்குத்தான் வசதி. நரியிலும் நாயிலும் வாழும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழு அப்படித்தான். சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதன் முட்டையை மேய்ச்சலோடு விழுங்கும் ஆட்டின், மானின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வளரும். அந்தக் கட்டியை நாயோ நரியோ தின்றால் மறுபடி புழு. முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனாலும் கட்டி வரும். ஆடு அறுக்கும் இடத்தில் கட்டி விழுந்த ஈரலைத் தெருநாய்க்கு வீசுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்த நாய்தான் இரவில் காட்டோரம் போகிறது. தயவுசெய்து அதைப் புதையுங்கள், அல்லது எரியுங்கள்.

தண்ணீர் இருக்கும் இடத்தின் கதை வேறு. இரண்டாம் நாள் ஓர் ஓடையின் தேங்கலில் காவலர் ஒரு நத்தையை எடுத்துக் காட்டினார், சுண்டுவிரல் நகம் அளவு. ஈரல் தட்டைப்புழுவுக்கு இப்படிப்பட்ட நத்தை இல்லாமல் பிழைப்பே இல்லை. முட்டை தண்ணீரில் பொரிந்ததும் வரும் குஞ்சு ஒரு நாளுக்குள் நத்தையைப் பிடிக்க வேண்டும், உள்ளே போய் ஒன்று பலவாகப் பெருகி, வால் முளைத்து வெளியே வந்து, கரைப் புல்லில் கூடு கட்டி உட்கார்ந்து, மேயும் வாய்க்காகக் காத்திருக்கும். இதன் முட்டை கனம், உப்புத் தண்ணீரில் சரியாக மிதக்காது, அதனால் வெறும் தண்ணீரில் அடியில் படிய விட்டுத் தேடினோம். இன்னொரு தட்டைப்புழுவுக்கு நத்தை போதாது, நண்டும் வேண்டும். 1878-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் இறந்த புலியின் நுரையீரலிலிருந்து விவரிக்கப்பட்ட பாராகோனிமஸ் அது. மணிப்பூர், நாகாலாந்துப் பக்கம் வேகாத நண்டு தின்ற மனிதர்களுக்கும் வந்து, ரத்தம் ரத்தமாக இருமுவதைக் காசநோய் என்று மருத்துவம் பார்த்த கதைகள் உண்டு. அன்று மதியம் சாமைச் சோற்றோடு வந்த நண்டுக் குழம்பு நன்றாகக் கொதித்திருந்தது, பயமில்லாமல் சாப்பிட்டேன்.

இந்த மலை புழு ஆய்வுக்குப் புதிதல்ல. மனிதருக்கு வரும் கொக்கிப்புழுவுக்காக இங்கேயும் ஆற்காடு பக்கத்துத் திமிரியிலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்காமல் ஊரில் எல்லோருக்கும் கொடுத்தால் புழு பரவுவதையே நிறுத்த முடியுமா என்பதுதான் அந்த ஆய்வு, ஆப்பிரிக்காவின் பெனினிலும் மலாவியிலும் இதே நேரத்தில் நடந்தது.

அப்படியானால் மானுக்கும் மருந்து வைக்கலாமே என்று கேட்டேன். அக்கா மகன் சட்டென்று மறுத்தான். காட்டு விலங்கு ஏறக்குறைய எல்லாவற்றிலும் புழு இருக்கும், பெரும்பாலானவற்றில் கொஞ்சமாக, ஒரு சிலதில் மட்டும் ஏராளமாக. நல்ல மேய்ச்சலும் நடமாட இடமும் இருக்கும்வரை அது தாங்கிக்கொள்ளும். சில குடற்புழு மருந்துகள் சாணி வழியே வெளியேறி, சாணி உருட்டும் வண்டின் புழுக்களைக் கொல்லும். அந்த வண்டு சாணியைப் புதைப்பதால்தான் நிறையப் புழுக்குஞ்சு புல்லுக்கு வராமல் போகிறது. வேண்டியது ஆட்டுப் பட்டிக்கு நேரத்தில் மருந்து, காட்டுக்குள் ஒன்றுக்குப் பதில் நான்கு தண்ணீர்க் குழி. கோடையில் ஒரே குழியில் ஆடும் மாடும் மானும் நாயும் வாய் வைக்கும்போது பல புழுக்கள் கைமாறுகின்றன. இதை அவன் குரல் உயர்ந்து சொன்னான், காவலர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் இறங்கும்போது நாற்பத்தேழு டப்பாக்கள். அடுத்து பேரணாம்பட்டு போகிறோம். 1980-களில் ஆந்திராவின் கவுண்டின்யா காட்டுக்கு வந்து சேர்ந்த யானைகள் இப்போதும் எல்லை தாண்டி மாந்தோப்புகளுக்கு வருகின்றன, அவற்றின் லத்தி வேண்டுமாம். யானையின் இரைப்பையில் மட்டும் வாழும் ஓர் ஈயின் புழு உண்டு, கோபோல்டியா என்று பேர். அந்த ஈ யானையின் வாயோரம், தந்தத்தின் அடியில் முட்டையிடும். பெரிய டப்பா பத்து வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறான், வேலூர் லாங்கு பஜாரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.