சாமணம் பிடித்த கைக்கு வந்த சோதனை

முப்பத்து நாலு வருசமாகச் சாமணம், அதாவது நகைக்குக் கல் எடுக்கிற சின்ன இடுக்கி, பிடிக்கிற கை இது. மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்தில் நகைப் பட்டறை. எட்டுக்கல் பேசரிக்குக் கல் எடுத்து வைக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன், கல் பறந்துவிடும். அதனால் கப்பலில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வாரம் நாலு ஜோடி சாப்ஸ்டிக்கைக் கொண்டுவந்து பரப்பியபோது, எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்.

"மாமா, உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று ஏற்றிவிட்டான்.

வீட்டில் அன்றைக்குக் குழிப்பணியாரம். உலோகத்தைக் கண்டால் கை தானாகப் போகுமே, கொரியா எவர்சில்வர் ஜோடியை எடுத்தேன். முதல் பணியாரம் சட்டினிக்குள் விழுந்தது. இரண்டாவது வேட்டியில். எங்க வீட்டம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் தப்பு எங்கே என்று பிடிபட்டது. சாமணத்துக்கு இரண்டு காலும் ஒரு முனையில் சேர்ந்திருக்கும். அழுத்தினால் மூடும், விட்டால் தானே திறக்கும். பாதி வேலையை அந்தக் கூட்டே பார்த்துவிடும். குச்சிக்கு அது கிடையாது. கீழ்க்குச்சி கட்டைவிரல் இடுக்கில் அசையாமல் கிடக்க வேண்டும், மேல்குச்சி மட்டும் நடமாட வேண்டும். மூடுகிற மாதிரியே திறப்பதும் நம் விரல்தான். என் விரல்களுக்கு இத்தனை வருசத்தில் திறக்கிற பழக்கமே வரவில்லை.

காலையில் நாலையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் கருவியின் நுனியைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடலாம். ஷாங்காயில் வாங்கிய மூங்கில் ஜோடிதான் சாப்பாட்டுக் குச்சிகளில் நீளம், என் ஸ்கேலில் 27 சென்டிமீட்டர். பிடிக்கிற பக்கம் சதுரம், வாய்ப் பக்கம் உருண்டை, நுனி மொண்ணை. அங்கே பதார்த்தமெல்லாம் மேசை நடுவில் இருக்கும், எல்லாரும் எட்டி எடுக்க வேண்டும். எட்டுவதற்கு நீளம் சரி. ஆனால் வாயில் வைத்த குச்சியையே பொதுத் தட்டில் விடுவதா?

"எச்சில்!" என்றாள் எங்க வீட்டம்மா.

"அதுக்குத்தான் அத்தை, பரிமாற இப்போ தனிக்குச்சி வைக்கிறாங்க" என்றான் மாப்பிள்ளை.

அவளுக்குப் பிடித்தது ஜப்பான் வழக்கம். ஒரே வீட்டில் புருசனுக்கு ஒரு ஜோடி, பெண்டாட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு ஜோடி, ஒருத்தர் குச்சியை மற்றவர் தொடுவதில்லை. சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களுக்கு, ஒட்டியபடி இருக்கிற மரக்குச்சியைக் கொடுத்துவிடுவார்கள், அவர்களே பிளந்துகொள்ள வேண்டியதுதான். சாப்பிட்டதும் தூக்கி எறியலாம், நம் வாழை இலை மாதிரி. ஆனால் வாழை மறுபடி இலை விடும், மரம் என்ன செய்யும்? இந்த எறிகுச்சிக்குச் சீனா 2006-ல் 5 சதவீத வரியே போட்டது.

ஜப்பான் நுனி கூர்மை, மீன் முள்ளை நோண்டி எடுக்கத் தோதானது. அயிரை மீனுக்கு இது தண்டம், அதை முள்ளோடு தின்றுவிடுவோம். பூச்சைப் பார்த்ததும் அரக்கு என்று நினைத்தேன். இல்லையாம். நாங்கள் நகைக்குள் ஊற்றுகிற அரக்கு பூச்சி தருவது. அவர்களுடைய உருஷி ஒரு மரத்தின் பால். ஒபாமா என்கிற ஊரில் சிப்பித் துண்டையும் முட்டை ஓட்டையும் அந்தப் பாலில் பதித்து, மேலே பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, பிறகு தேய்த்துத் தேய்த்து உள்ளே கிடக்கிற பூவை வெளியே கொண்டுவருகிறார்கள். போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம்ம மாப்பிள்ளை வாங்கியது அச்சடித்த பூ. பாவம், அதை அவனிடம் சொல்லவில்லை.

என்னைக் கவிழ்த்த கொரியா ஜோடி தட்டை. விளிம்பு விரலில் வெட்டும், வழவழப்பில் எதுவும் நிற்காது. ஆனால் அந்த நாட்டுப் பூசானில் இதோடு நீளக் கரண்டி ஒன்றும் வைப்பார்களாம். சோறும் குழம்பும் கரண்டிக்கு, தொடுகறிதான் குச்சிக்கு. கிண்ணத்தை வாயருகே தூக்குவது சீனாவிலும் ஜப்பானிலும் சரி, கொரியாவில் மரியாதைக் குறைவு. நம் பொன்னிச் சோறு ஒட்டாத சோறு, ஒவ்வொரு பருக்கையாகத்தான் ஏறுகிறது. இந்தக் குச்சியால் ஒரு தட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும்.

இடியாப்பத்தில்தான் கை கொஞ்சம் கூடிவந்தது. அந்தச் சந்தோசத்தில் ஒரு வாயை எடுத்து அவன் குச்சிக்கு நீட்டினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"குச்சிக்குக் குச்சி மாத்தக் கூடாது மாமா. ஜப்பான்ல செத்தவங்களை எரிச்ச பிறகு சொந்தக்காரங்க எலும்பை அப்படித்தான் எடுத்துக் கலயத்துல போடுவாங்க."

சோற்றில் குச்சியை நட்டு வைப்பதும் கூடாதாம், அது செத்தவருக்கு வைக்கிற படையல். நம் வாய்க்கரிசி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அப்பா போன மறுநாள் காலையில் தத்தனேரி சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு நானும் அண்ணனும் எலும்பு பொறுக்கியது கண்ணுக்குள் வந்தது. வெறும் கையால்தான் எடுத்தோம். சாம்பலுக்கடியில் இன்னும் சூடு இருந்தது. அதற்குமேல் எனக்கு இடியாப்பம் இறங்கவில்லை.

நாலாவது ஜோடி சமையலுக்கு. 33 சென்டிமீட்டர், தலையில் நூல் கட்டி இரண்டையும் சேர்த்திருந்தது, ஜப்பான் அடுப்படிச் சாமான். நேற்று வீட்டில் முறுக்குச் சுட்டார்கள். நூலை அறுத்துவிட்டு ஒரே ஒரு குச்சியால் எண்ணெய்ச் சட்டியில் முறுக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள் எங்க வீட்டம்மா.

"ஜோடிடீ அது" என்றேன்.

"ஒண்ணே போதும். இன்னொண்ணு வேணும்னா நீங்க வச்சுப் பழகுங்க."